நாடா முடிச்சுக்கு அடியில் காட்டினார்

என் மனைவி சலோமிக்குக் காய்ச்சல் பிடித்தது, ஜெபம் பண்ணப் போன இடத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜெபத்தில் குறைவுபட்டிருப்பீர்கள் பிரதர்" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். சாகக் கிடந்தவள் நம் சபையிலேயே அதிகமாக முழங்காலில் நிற்கிறவள். அவளுக்குப் பக்கத்தில் கொசுக்கடிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் ஜெபத்தையே விட்டுவிட்ட நான். இது என்ன நியாயம் என்று அந்த நாட்களில் பலமுறை கேட்டேன்.

என்னை எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தேவராஜ். திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். நான் மெஷினில் ஓரம் அடிப்பேன். சலோமி தரையில் குந்தி, கயிறு கோக்கிற பித்தளை வளையங்களைச் சுத்தியால் அடித்துப் பொருத்துவாள். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. சலோமி படுப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெய்த பெருமழையில் ஏரித் தண்ணீர் கடைக்குள் புகுந்தது. மெஷின் சேற்றில் கிடந்தது. அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடியும் ஓட வைத்துவிட்டேன். என்னைத்தான் ஓட வைக்க முடியவில்லை.

கடவுள்மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்திருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு வந்தது சலிப்பு. ஞாயிற்றுக்கிழமை வருவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், எல்லாரும் கண்ணை மூடும்போது நானும் மூடுவேன். உள்ளே ஒரு வார்த்தையும் வராது. சில வாரம் அப்படியே தூங்கியும் போயிருக்கிறேன். பாஸ்டர் ஐயா மன்னிக்க வேண்டும்.

சலோமி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, அவருகிட்ட ஒரு வார்த்தையாவது பேசுங்களேன்."

"இன்னாத்த பேசச் சொல்ற? இடுப்பு வலிக்குதுன்னு சொல்லவா?"

"அதையே சொல்லுங்க. இடுப்பு வலின்னா கேக்க மாட்டேன்னு சொன்னாரா?"

"சும்மா இரு சலோமி. சோறு போடு."

அதற்குமேல் அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் என்னை விட்டுவிடவும் இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் சபைப் பெண்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அனந்தபுரம் பக்கத்தில் இருக்கிற குன்றுக்கு ஜெபத்துக்குப் போவது வழக்கம். என் லோடு ஆட்டோவில்தான் போவார்கள். நான் டிரைவர். போன வருஷம் ஐப்பசி மழை விட்டு, குன்றெல்லாம் இடுப்புயரம் புல்லும் புதருமாகப் பச்சையாக நின்றது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். பாய் விரிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வெறும் தரையில் முகங்குப்புற விழுந்து ஜெபிக்க வேண்டும், அதுதான் தாழ்மை. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. அந்த வழக்கத்தைக் கட்டிக் காக்கிறவர் கமலா அக்கா. யாராவது துண்டை விரித்தால்கூட, "இன்னா, மெத்தை வேணுமா?" என்று கேட்டுவிடுவார்.

அன்றைக்கும் எல்லாரும் புல்லில் விழுந்தார்கள். சலோமி எல்லாரையும்விடத் தள்ளிப் போய், ஒரு காரைமுள் புதருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் வண்டிக்குப் போய், டெலிவரிக்கு மடித்து வைத்திருந்த தார்ப்பாய் அடுக்கின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டேன். யாரோ எழுப்பி எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் எழுந்து வந்த பிறகும் அவள் மட்டும் அங்கேயே கிடந்தாள். முட்டியில் புல் ஒட்டிய புடவையோடு கடைசியாக வந்து வண்டியில் ஏறினாள். முகம் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புடவையோடேயே சமைத்தாள். இரவுச் சாப்பாடு முடிந்துதான் மாற்றினாள்.

கிறிஸ்மஸ் வேலை ஆரம்பிக்கிற நேரம். சலோமிக்குத் தலைவலி என்று ஆரம்பித்தது. மறுநாள் குளிர் தூக்கிப் போட்டது. தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு. அதனால் இதுவும் டெங்குதான் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். பப்பாளி இலை அரைத்துச் சாறு கொடுத்தேன். நிலவேம்புக் கஷாயம் வைத்தேன். கொசுவர்த்தி ஏற்றினேன், வேப்பிலைப் புகை போட்டேன், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். ஆனால் அவளைக் கடித்தது கொசு இல்லையே.

பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். டெங்கு இல்லை என்று ரத்தத்தில் வந்தது. டைஃபாய்டாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். ஊசி போட்டால் வியர்க்கும், ஒரு மணிநேரம் நன்றாக இருப்பாள், பிறகு மறுபடியும் கொதிக்கும். கஞ்சி குடித்தால் வாந்தி. ஒரு வாரம் இப்படியே ஓடியது. கண் சிவந்து, முகம் உப்பி, என் சலோமி மாதிரியே இல்லை.

சபையிலிருந்து வந்தீர்கள். நன்றி, நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு சகோதரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இது சத்துருவோட அம்பு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு ஓடாதீங்க. உபவாசம் போடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. பேசத் தெம்பில்லை. பாஸ்டர் ஐயாதான் சலோமியின் கையைத் தொட்டுப் பார்த்தார். அவள் மூச்சு இரைத்ததைப் பார்த்தார்.

"தேவராஜ், வண்டிய எடு. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாங்க இங்கருந்து ஜெபம் பண்றோம். நீ ஓட்டு, போ."

அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். லோடு ஆட்டோவின் பின்னால் தார்ப்பாயை மடித்துப் போட்டு, அதன்மேல் அவளைப் படுக்க வைத்து, கமலா அக்கா தலையை மடியில் வைத்துக்கொள்ள, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஓட்டினேன். டோலில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற லாரியின் தார்ப்பாய் நான் தைத்தது. ஓரத்து வளையங்கள் சலோமி அடித்தவை. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கமலா அக்கா பின்னாலிருந்து, "இன்னாடா ஆச்சு? ஓட்டு, ஓட்டு" என்று அதட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், நின்ற இடத்திலேயே தூங்கிவிடுகிற மாதிரி களைத்திருந்தார். அந்த வார்டில் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். ஆனாலும் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"எத்தன நாளா காய்ச்சல்? காடு, வயலு, புதர் பக்கம் எங்கயாவது போனாங்களா?"

"மலைக்கு ஜெபத்துக்குப் போனாங்க டாக்டரம்மா. புல்லுல படுத்துக்கினு ஜெபம் பண்ணாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உடம்புல எங்கயாவது கருப்பா ஒரு புண்ணு இருக்குதா? சிகரெட்டால சுட்ட மாதிரி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிகரெட்டா? நாங்க விசுவாசிங்க. எங்க வூட்ல யாரும் அதத் தொட மாட்டோம்."

"ஐயா, சிகரெட் பிடிச்சாங்களான்னு கேக்கல. அந்த மாதிரி ஒரு அடையாளம். கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி இருக்குது. புல்லுல, புதர்ல இருக்கும். கடிச்சா வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. கடிச்ச எடம் அப்பறமா கருப்பா பொருக்குத் தட்டும். அது கெடச்சா இன்ன காய்ச்சல்னு தெரிஞ்சிடும். ரத்த ரிசல்ட்டு வர நேரமாகும்."

நர்ஸ் சிஸ்டர் கழுத்து, காதுக்குப் பின்னால், அக்குள், முட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. நைட்டிக்கு உள்ளே கட்டியிருந்த பாவாடையைத் தளர்த்தப் போனபோது சலோமி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரை மயக்கத்திலும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ஆம்பளைகள் வந்துபோகிற நேரம். அவள் சுபாவம் அப்படி.

"வேற எங்கயும் இல்லீங்க" என்றேன் நான். "முப்பது வருஷமா குடும்பம் பண்றேன். எனக்குத் தெரியாதா?"

"துணி மாத்தும்போது நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொன்னார். "ஜல்தியா சொல்லுங்க. மூச்சு கொறஞ்சிக்கினே வருது." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தச் சாயங்காலம் வராண்டாவில் உட்கார்ந்தேன். கமலா அக்கா உள்ளே இருந்தார். வானூரில் கட்டிக்கொடுத்த என் மகள் போனில் அழுதாள். கைக்குழந்தைக்காரி, கிளம்பி வர வழியில்லை. "அம்மாகிட்ட போனக் குடுங்கப்பா" என்கிறாள். அம்மா பேசுகிற நிலையில் இல்லை என்று எப்படிச் சொல்வது? "தூங்குது பாப்பா, காலையில பேசு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுந்து டீ குடிக்கப் போகவும் கால் வரவில்லை. இவள் இல்லாமல் கடையைத் திறந்தால் அந்தச் சுத்தி சத்தம் இருக்காது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைக்க முடிந்தது. அந்த நினைப்பிலேயே வாய் தானாகத் திறந்தது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் பண்ணிய ஜெபம் இது. அழகாக ஒன்றும் இல்லை, அப்படியே சொல்கிறேன். "ஆண்டவரே, உன்னத் தேடி வந்த எடத்துல அவளக் கடிக்க வுட்டியே. கவனிச்சிக்கினு இருந்தியா இல்லியா? நான் வண்டியில தூங்கினேன், என்னக் கடிச்சிருக்கலாம். எனக்கு விசுவாசமும் இல்ல, தெம்பும் இல்ல. கேக்கத் தெரியல. இன்னா நோவுன்னு காட்டு. அது போதும். காட்டு."

மரியாதை இல்லாமல் பேசினேன் என்று தெரியும். ஒருமையில் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் போனில் பேசுகிறேன் என்று நினைத்து எழுந்து தள்ளிப் போனார். வானம் திறக்கவில்லை. குரல் கேட்கவில்லை. சமாதானம்கூட வரவில்லை. பேசி முடித்ததும் களைப்பு இன்னும் அதிகமானது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் கமலா அக்கா முகம் கழுவப் போனார். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். சலோமி வியர்த்து நனைந்து கிடந்தாள், துணி மாற்ற வேண்டும், உதவிக்கு ஆள் இல்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு என்னை உள்ளே விட்டார். நைட்டியைக் கழற்றிவிட்டேன். பாவாடை ஈரமாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாடா முடிச்சு அவிழவில்லை. வியர்வையில் ஊறி ஊறிக் கல் மாதிரி இறுகிவிட்டது. வீட்டில் படுத்த நாளிலிருந்து கமலா அக்காவும் அதனால்தான் மேல் நைட்டியை மட்டும் மாற்றிவந்திருக்கிறார். நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். தார்ப்பாய் முடிச்சு எத்தனையோ அவிழ்த்திருக்கிறேன், இது அவிழவில்லை.

என் சட்டைப் பையில் நூல் அறுக்கிற சின்னக் கத்தி ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுத்தேன். நாடாவுக்குக் கீழே விரலைக் கொடுத்துத் தூக்கினேன். அதுவரைக்கும் கண்ணைத் திறக்காதவள் திறந்தாள்.

"அறுக்காதீங்க" என்றாள். "புது நாடா."

"உசுரு போற நேரத்துல நாடாவா முக்கியம்? சும்மா கெட" என்று சொல்லி அறுத்துவிட்டேன். சொன்ன வார்த்தை எனக்கே பயமாக இருந்தது.

பாவாடை தளர்ந்தது. இடுப்பைச் சுற்றிக் கருப்பாக ஒரு வரி. நாடா கட்டிக் கட்டி வந்த தழும்பு. நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இருப்பதுதான். குந்தி உட்கார்ந்து வளையம் அடிக்கிறவள், இறுக்கித்தான் கட்டுவாள். அந்த வரியை நான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இல்லை என்று அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். இப்போதும் பார்த்துவிட்டு, துடைக்க ஈரத்துணியை எடுத்தேன். துணி இடது பக்கம் போகும்போது ஓர் இடத்தில் சொரசொரவென்று தட்டியது.

குனிந்து பார்த்தேன். அந்தக் கருப்பு வரியின்மேலேயே, முடிச்சு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் அடியில், ஒரு மிளகளவுக்குக் கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். கருப்பில் கருப்பாக இருந்ததால் தெரியவே இல்லை. சிகரெட்டால் சுட்ட மாதிரி என்று டாக்டரம்மா சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது.

"காட்டு" என்று நேற்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு, "டாக்டரம்மா! டாக்டரம்மா! இருக்குது, இருக்குது!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். யாருக்கோ உயிர் போய்விட்டதாக நினைத்து நாலு பேர் எழுந்துவிட்டார்கள். சிஸ்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். விரலால் லேசாகத் தொட்டார். சலோமிக்கு வலிக்கவே இல்லை.

"இதுதான்" என்றார். "உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ்னு சொல்லுவோம். துணி இறுக்கமா இருக்கற எடமாப் பாத்து அது உக்காரும். நல்ல வேள பாத்தீங்க. மருந்து இருக்குது, இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

"பொழச்சிக்குவாளா?"

"லேட்டாதான் வந்திருக்கீங்க. ஆனா இந்த மருந்து நல்லா கேக்கும். பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். மருந்து ஏறியது. நான் மறுபடியும் பேசினேன். இந்தத் தடவை கத்தவில்லை. "காட்டினதுக்கு ஸ்தோத்திரம். இப்ப வுட்டுடாத" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது, ஏறவில்லை. அதற்கு அடுத்த நாள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். கமலா அக்காவைப் பார்த்து முதல் வார்த்தையாக, "அந்த நாடாவ அறுத்துட்டாருக்கா" என்று புகார் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் வெளியே போய் டீ குடித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு டீ டீயாக இருந்தது.

ரத்த ரிசல்ட்டும் அதேதான் என்று பிறகு வந்தது. சலோமி வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சு சரியாகப் பல வாரம் ஆனது. கிறிஸ்மஸுக்குப் படுக்கையில்தான் இருந்தாள். மகள் வந்து குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்தாள். கடையில் சுத்தி சத்தம் மறுபடியும் கேட்க பொங்கல் கழிந்துவிட்டது. அதுவரைக்கும் வளையம் நானே அடித்தேன். பாதி கோணல். "இன்னா வேல இது, அசிங்கமா" என்று வந்ததும் திட்டினாள். திட்டு கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். இடுப்பு, பாவாடை, நாடா என்று நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது? அவள்தான், "சொல்லுங்க. கேட்டுட்டு நாலு பொம்பளைங்க பாத்துக்குவாங்க இல்ல" என்றாள். அதனால் சொல்கிறேன்.

டாக்டரம்மா அனுப்பும்போது சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறேன். புல்லிலும் புதரிலும் வெறும் தரையில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். மழை விட்டுப் பச்சை கட்டுகிற மாதங்களில் இன்னும் கவனம். வயலில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போனாலும், விறகு பொறுக்கப் போனாலும், கொல்லைப் பக்கம் ஒதுங்கினாலும் அதேதான். காலை மூடிப் போங்கள். பூச்சி அண்டாத களிம்பு மருந்துக் கடையில் இருக்கிறது, தடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியைச் சுடுதண்ணீரில் ஊற வையுங்கள், புதர்மேல் காயப் போடாதீர்கள். காய்ச்சல் வந்து நிற்காவிட்டால், நாடா கட்டுகிற இடம், மார்புக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு கட்டுகிற ஆம்பளைகளுக்கு அந்த இடம், எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் அந்தக் காய்ச்சல் வரலாமாம். அதனால் புதரில் உட்கார்ந்தேன் என்று டாக்டரிடம் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

தை மாதம் மறுபடியும் குன்றுக்குக் கிளம்பினோம். நான் வண்டியிலிருந்து பெரிய தார்ப்பாய் ஒன்றை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். லாரிக்குத் தைத்தது, கனம். பாதி வழியில் மூச்சு வாங்கியது. புல்லைக் குச்சியால் தட்டி, பாறைக்குப் பக்கத்தில் வெட்டவெளியாகப் பார்த்து விரித்தேன். கமலா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெறுந்தரையில வுழாம அது இன்னா ஜெபம்டா?"

"உண்ணிக்கு உன் தாழ்மையெல்லாம் தெரியாதுக்கா. ஏறி உக்காரு."

பாஸ்டர் ஐயா செருப்போடு வந்து, ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் ஆளாகத் தார்ப்பாயில் முழங்கால் போட்டார். பிறகு அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். சலோமிக்குப் பக்கத்தில். ஜெபம் முடிந்து எல்லாரும் சாதப் பொட்டலம் பிரிக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அந்தப் புதருகிட்ட அவ்ளோ நேரம் கெடந்தியே. அப்பிடி இன்னாத்தக் கேட்ட?"

பொட்டலத்து நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆண்டவரே, எனக்கு இன்னா ஆனாலும் சரி, இந்த மனுஷன் உங்ககிட்ட வாயத் தொறந்து ஒருவாட்டி பேசணும்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இன்னா ஆனாலும் சரின்னா கேட்ட? புத்தி இருக்குதா ஒனக்கு? இனிமே அப்பிடி ஜெபம் பண்ணாத, சொல்லிட்டேன்!" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது. தார்ப்பாயில் அவள் பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "சரி, சரி, பண்ணல. சாப்புடுங்க" என்றாள்.

அவளுக்கு நோய் கொடுத்துத்தான் ஆண்டவர் என்னைப் பேச வைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கடித்தது உண்ணி. அது எனக்குத் தெரியும். கேட்டபோது காட்டியது அவர். அதுவும் எனக்குத் தெரியும். நடுவில் இருப்பது எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.

இப்போதும் நான் களைத்த மனுஷன்தான். இடுப்பு வலி போகவில்லை. மழை வந்தால் கடை என்ன ஆகுமோ என்ற பயமும் போகவில்லை. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவரிடம் பேசுகிறேன். இடுப்பு வலிக்கிறது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். அதையும் கேட்கிறார். என்னைப் போல உள்ளே வார்த்தை வற்றிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நல்ல வார்த்தை வரும்வரைக்கும் காத்திருக்காதீர்கள். ஒரு வார்த்தை போதும், மரியாதையில்லாத வார்த்தையாக இருந்தாலும் போதும், அவரிடம் சொல்லுங்கள். அடுத்த தடவை குன்றுக்கு வாருங்கள். கால் மூடுகிற துணி போட்டுக்கொண்டு வாருங்கள். தார்ப்பாய் நான் தூக்கி வருகிறேன்.